அஞ்சாவது கால்

உலகத்தில் ஆடாத நாற்காலி செய்யத் தெரிந்த கை ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது பஞ்சாட்சரம் ஆசாரியின் வலது கை. இதைச் சொன்னவர் பஞ்சாட்சரம் ஆசாரியே என்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை. உலகம் என்று அவர் குறிப்பிட்டது வடக்கே வாலாஜாபாத்தில் தொடங்கித் தெற்கே வந்தவாசியில் முடிந்துபோகிற ஒன்று. அதற்கு அப்பாலும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அவர்கள் எதன்மேல் உட்காருகிறார்கள் என்று விசாரித்ததில்லை. இடது கையைப் பற்றி அவர் பெருமையாக ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. அது வலது கைக்கு எடுபிடி.

உத்திரமேரூர் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அவருடைய பட்டறையின் நடுவில் ஒரு கல் கிடந்தது. ஒரு நாற்காலி நாலு காலையும் ஊன்றி நிற்கிற அகலத்துக்குப் பலகைக்கல். ஆசாரியின் அப்பா அதைக் கூரத்திலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்தாராம். வழியில் வண்டி சாய்ந்தது, மாடு சாய்ந்தது, அப்பாவும் சாய்ந்தார், கல் மட்டும் சாயவில்லை என்பது குடும்ப வரலாறு. அதற்குத் தர்மக்கல் என்று பெயர். எந்த உருப்படி முடிந்தாலும் அது கிழக்கு பார்த்துக் கல்மேல் ஏறவேண்டும். ஆசாரி கண்ணை மூடிக்கொண்டு நாலு மூலையையும் உள்ளங்கையால் அழுத்துவார். துளி ஆட்டம் தெரிந்தாலும் இந்தக் காலில் கொஞ்சம், அந்தக் காலில் கொஞ்சம் என்று சீவுவார். ஆட்டம் நின்றதும் சின்ன உளியால் காலின் உட்புறத்தில் ஒரு சூலம் குத்துவார். சூலம் விழுந்த பிறகு அந்த நாற்காலியின் எந்தக் காலிலும் இரும்பு படக்கூடாது. முத்திரை குத்திய காலை மறுபடி சீவுவது, பெற்ற பிள்ளையின் ஜாதகத்தை அழித்து எழுதுவதற்குச் சமம் என்பது அவர் சித்தாந்தம்.

கல்லுக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. விடிந்ததும் அதன் வடகிழக்கான ஈசானிய மூலையில் தண்ணீர் தெளித்து ஆசாரி உளி தீட்டுவார். கோபம் வந்தாலும் தீட்டுவார். அவருக்குக் கோபம் அடிக்கடி வரும். மற்ற மூன்று மூலைகளைத் தொடமாட்டார். ஈசானியத்தில் தீட்டிய உளிக்குத்தான் தெய்வ கடாட்சம் என்று அப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இப்படி ஆடாமல் பட்டறையை விட்டுப் புறப்பட்ட நாற்காலிகள், வாங்கியவர் வீட்டுக்குப் போனதும் ஆடின. ஆசாரிக்கு இதில் ஆச்சரியமே கிடையாது. "நாற்காலி ஆடல. உங்க வூட்டு தரைதான் ஆடுது" என்று நிதானமாகச் சொல்லுவார். நம்பாதவர்கள் நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வருவார்கள். கல்மேல் அது மலைபோல நிற்கும். தலைகுனிந்து திரும்பிப்போய்ப் பச்சமுத்து மேஸ்திரிக்கு ஆள் அனுப்புவார்கள்.

பச்சமுத்து தரை போடுகிற மேஸ்திரி. நல்ல மனிதர். தரை சரியில்லை என்று ஆசாரி சொன்னால் அவர் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுப்பார். புதுத் தரையிலும் நாற்காலி ஆடும். ஏரிப் பாசன மண் அப்படித்தான், கொஞ்சம் இறங்கும் என்பார். ஊரில் தரையே போடாத குடிசை இருந்தது. ஒரே ஒரு தடவை தரை போட்ட வீடு இல்லை. பெரிய மிராசுதார் தாண்டவராய நாயகரே தம் கூடத்தை இரண்டு தடவை பெயர்த்தவர். மூன்றாவது தடவைக்குத் தெம்பில்லாதவர்கள் நாளடைவில் குறை சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள். மண் கெட்டிப்பட்டுவிட்டது என்று ஆசாரி முடிவு செய்தார்.

அவருடைய வாழ்க்கையில் ஒரே ஒரு உறுத்தல் இருந்தது. அதன் பெயர் சடகோபன்.

சடகோபன் உயர்நிலைப்பள்ளியில் கணக்கு வாத்தியார். பகலில் கணக்கு, மாலையில் தச்சு. மூர்மார்க்கெட்டிலிருந்து வரவழைத்த ஆயுதங்களைச் சுவரில் வரிசையாக மாட்டி, எண்ணெய் பூசி, வெள்ளிக்கிழமை தோறும் குங்குமம் வைப்பார். அவற்றில் பாதி எதற்கு என்று அவருக்குத் தெரியாது. தெரியாததால் அவற்றை அதிக மரியாதையோடு நடத்தினார். மரத்தின் நுனியைக் கழுந்தாக வெட்டி இன்னொன்றின் துளையில் பூட்டுவது வழக்கொழிந்த முறை என்பது அவர் கருத்து. ஆணிதான் விஞ்ஞானம். யார் வீட்டுக் கல்யாணமானாலும் அவர் கையால் செய்த முக்காலி ஒன்று போய்ச் சேரும். பெற்றுக்கொண்டவர்கள் அதன்மேல் உட்காராமல் மரியாதை செய்தார்கள்.

"காசுக்குச் செய்யறவனுக்குத் தெரியறது வேலை. ஆசைக்குச் செய்யறவனுக்குத் தெரியறதுதான் கலை" என்று அவர் வகுப்பில் சொன்னது, அன்று சாயங்காலமே பட்டறைக்கு வந்து சேர்ந்தது. ஆசாரி அதைக் கேட்டு வெகுநேரம் உளி தீட்டினார்.

பிறகு ஒருநாள் வாத்தியார் வீட்டுக் கதவு நிலையில் இடிக்கிறது என்று ஆசாரியைக் கூப்பிட்டுவிட்டார்கள். வாத்தியார் கையாலேயே சரிசெய்யப்பட்ட கதவு அது, அதனால்தான் இடித்தது. கூப்பிட்டது வாத்தியாரில்லை, அவர் மனைவி ரங்கநாயகி. ஆசாரி உள்ளே நுழைந்தார். கூடத்தில் வாத்தியார் செய்த மேசை நின்றது. அதன் ஒரு காலுக்கடியில் நாலாக மடித்த தபால் கார்டு ஒன்று எட்டிப் பார்த்தது.

ஆசாரி குனிந்து அதைப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து இன்னொரு முறை பார்த்தார்.

"இன்னா சாமி இது?"

"பேக்கிங்" என்றார் வாத்தியார், ஒளிவுமறைவில்லாமல். "மேசைன்னா கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதுக்கு ஒரு பேக்கிங். எந்தப் புஸ்தகத்துல வேணா பாரும்."

"மேசைக்கு நாலு காலுன்னு எங்கப்பன் சொல்லிக் குட்த்தான். சாமிக்கு அஞ்சு காலு வேண்டியிருக்குது. அதுவும் அஞ்சாவது காலு காயிதத்துல." பிறகு ரங்கநாயகி அம்மாளின் பக்கம் திரும்பினார். "அம்மா வூட்டு சீரா வந்ததே என் நாற்காலி ஒண்ணு, அது எங்க?"

அது மூலையில் இருந்தது. அதன்மேல் ஒரு மடிவேட்டி, நுனி நாலு பக்கமும் தரையைத் தொடும்படி போர்த்தியிருந்தது. காய்கிறது, தொடக்கூடாது என்று ரங்கநாயகி சற்று அவசரமாகச் சொன்னாள். ஆசாரி தொடவில்லை. தூரத்திலிருந்தே, "பாத்தீங்களா, எப்டி நிக்குது" என்றார். வாத்தியார் மோட்டுவளையைப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து கடைத்தெருவில் சடகோபனுக்கு அஞ்சுகால் வாத்தியார் என்று பெயர். காய்கறிக்காரி உட்பட எல்லாரும் அந்தப் பெயரைச் சொன்னார்கள். ஆனால் ஆசாரி எதிர்பார்த்த மாதிரி யாரும் விழுந்து விழுந்து சிரிக்கவில்லை. கொஞ்சமாகச் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். தொழில் நுட்பம் தெரியாத ஜனங்கள் என்று ஆசாரி விட்டுவிட்டார்.

அந்த வருஷம் உழவர் சங்கத்துக்குப் புதுக் கட்டடம் எழுந்தது. சங்கத்தின் தலைவர் தாண்டவராய நாயகர். திறந்துவைக்க ஜில்லாவிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருவதாக ஏற்பாடு. அவர் பதவியில் மட்டுமல்ல, சரீரத்திலும் பெரியவர் என்று தகவல் வந்ததும், உட்கார நல்ல நாற்காலி வேண்டும் என்று கமிட்டி கூடியது.

வாத்தியார் முந்திக்கொண்டார். நாற்காலி தம் உபயம் என்றார். உபயம் என்ற சொல்லைக் கேட்டதும் கமிட்டியின் முகம் மலர்ந்தது. ஓரமாக நின்றிருந்த ஆசாரி கணக்குப் போட்டுப் பார்த்தார். ஊர்ப் பெரிய காரியத்துக்குப் பொழுதுபோக்குக்காரன் செய்த நாற்காலி போய் உட்கார்ந்தால், நாளைக்குச் சங்கத்துக்கு வேண்டிய பெஞ்சு, பீரோ எல்லாம் ஆணியிலேயே நடந்துவிடும். அப்புறம் பட்டறை எதற்கு, கல் எதற்கு, சூலம் எதற்கு. அவர் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றார். தாமும் உபயமாகவே செய்வதாகச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"என் நாற்காலி அந்த மேடைல ஒரு நூலு ஆடிச்சின்னா, இந்த உளிய வாத்தியார் சாமி கைல குட்த்துட்டு, அவராண்ட குந்திக்கினு மொதல்லர்ந்து வேலை கத்துக்கறேன். எல்லாரும் கேட்டுக்கங்க."

எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். வாத்தியார் மட்டும், தாம் காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுவதாகவும், தாமதமாக வருகிறவர்களை வெளியே நிற்கவைப்பது வழக்கம் என்றும் பெருந்தன்மையாகத் தெரிவித்தார்.

நாயகர் இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ள விரும்பாதவர். நாற்காலி ஆசாரி செய்யட்டும், பக்கத்தில் சோடா வைக்கிற சின்ன மேசை வாத்தியார் செய்யட்டும் என்று தீர்ப்புச் சொன்னார்.

ஆசாரி அந்த நாற்காலியைத் தேக்கில் செய்தார். கையில் சிங்கமுகம், முதுகில் தாமரை. ஒரு ஆணி கிடையாது. கல்மேல் ஏற்றிக் கண்ணை மூடி அழுத்தினார், சீவினார், மறுபடி அழுத்தினார். நாற்காலி, கோயில் மூலவர் மாதிரி நின்றது. சூலம் விழுந்தது. அழைப்பிதழும் காஞ்சிபுரத்தில் அச்சாகி வந்தது. கடைசி வரியில், 'மேடை நாற்காலி: தச்சுத்தொழில் மேதை பஞ்சாட்சரம் ஆசாரியார்' என்று இருந்தது. சொல்லிப் போட்டது அவரேதான். அதற்குக் கீழே, அதைவிடச் சின்ன எழுத்தில், 'சிறுமேசை: சடகோபன், பி.ஏ., எல்.டி.' ஆசாரி ஒரு அழைப்பிதழை இடுப்பில் செருகிக்கொண்டு, படிக்கத் தெரிந்தவர்களிடம் காட்டிப் படிக்கச் சொன்னார். தெரியாதவர்களுக்குத் தாமே படித்துக் காட்டினார்.

விழா அன்று காலை நாற்காலி வண்டியில் வந்து மேடையேறியது. மேடை, பச்சமுத்து மேஸ்திரி போட்ட சிவப்புச் சிமெண்டு மேடை. முகம் பார்த்து மீசை முறுக்கலாம். நாயகர், கமிட்டிக்காரர்கள், வாத்தியார் எல்லாரும் சுற்றி நின்றார்கள். வாத்தியாரின் மேசை முன்பே வந்து, தன் தபால் கார்டின்மேல் அமைதியாக நின்றுகொண்டிருந்தது. ஆசாரி அதைப் பார்த்து மூக்கால் சிரித்துவிட்டு நாற்காலியை வைத்தார். கண்ணை மூடி அழுத்தினார்.

டக் என்றது.

கண்ணைத் திறந்து இன்னொரு மூலையை அழுத்தினார். டக்.

ஆசாரி நாற்காலியை ஒரு சாண் தள்ளிவைத்தார். டக். மேடையின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோனார். அங்கேயும் டக். அவர் முகத்தில் கவலை ஒன்றும் தெரியவில்லை. நிமிர்ந்து நாயகரைப் பார்த்து, வழக்கமான நிதானத்தோடு, "தரை" என்றார்.

மேடை ஓரத்தைப் பூசிக்கொண்டிருந்த பச்சமுத்துவின் கையில் கரணை அப்படியே நின்றது.

"இன்னா சொன்ன?"

"தரை ஆடுது. பேத்துப் போடணும்."

பச்சமுத்து தம் பையைத் திறந்து ரசமட்டத்தை எடுத்தார். பட்டணத்திலிருந்து இந்தக் கட்டடத்துக்கென்றே வாங்கிவந்தது. மேடையில் வைத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தது. குறுக்கே வைத்தார். அப்போதும் நடுவில். எல்லாரும் முறை வைத்துக் குனிந்து பார்த்தார்கள். வாத்தியார் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார்.

"இத்தினி வருசமா ஊர்ல ஒவ்வொரு வூட்லயும் தரை சரியில்லைன்னு சொன்னியே, ஆசாரி" என்றார் பச்சமுத்து, குரலை உயர்த்தாமல். "நான் ஒரு தபா ஏன்னு கேட்டனா? உன் வாய்க்கு நானும் தலையாட்டி, பேத்து, போட்டு, பேத்து, போட்டு. சரி, தொழிலுக்குத் தொழிலுன்னு இருந்தேன். இது என் பேர் போட்ட மேடை நைனா. இதுல கை வக்காத. இல்ல, மட்டத்த எடுத்தாந்து உன் கல்லு மேல வக்கிறேன்."

"என் அப்பன் கல்லு மேல கண்ணாடிக் குயாய வப்பியா?"

"வக்கிறேன்."

நாயகர் நடுவில் வந்தார். இரண்டு தடவை கூடத்தைப் பெயர்த்தவர் என்பதால் அவருக்கு இந்த விஷயத்தில் தனி அக்கறை இருந்தது. ஆசாரியையும் பச்சமுத்துவையும் மாறிமாறிப் பார்த்தார். "ஆபீசர் குந்தி, மேடைல தொட்டில் மாதிரி ஆடிக்கினு பேசினார்னா, பேஜாரு எனக்கு. தரையா நாற்காலியா, அவர் வர்றதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாவணும். நாற்காலின்னா நம்ம வாத்தியார் முக்காலி ஒண்ணு என் வூட்ல கீது, அத்த எடுத்தாந்து போடுவம்" என்றார்.

"காலை ஆறு மணி" என்று வாத்தியார் யாரையும் பார்க்காமல் ஞாபகப்படுத்தினார்.

ஆசாரி மேடையை விட்டு இறங்கினார். கடைத்தெருவில் யார் கூப்பிட்டும் திரும்பாமல் நேராகப் பட்டறைக்குப் போனார். ரசமட்டமாம், ரசம். ரசம் சோற்றுக்கு. கல்லின்முன் குந்தி உட்கார்ந்து, சொம்புத் தண்ணீரை மொத்தமாகக் கவிழ்த்து, உளியை எடுத்தார்.

தண்ணீர் கல்லெங்கும் பரவி ஓடி, ஓரங்களில் வழிந்து போனது. ஈசானிய மூலையில் மட்டும் போகவில்லை. வட்டமாக நின்றது. கூரை ஓட்டையிலிருந்து விழுந்த வெயில் அதில் மினுங்கியது. நாற்காலியின் முன்னங்கால்களில் இடது கால் எப்போதும் நிற்கிற இடம் அது.

ஆசாரி உளியைக் கீழே வைத்தார். இரும்பு மூலைமட்டத்தை எடுத்துக் கல்லின்மேல் நிறுத்திப் பார்த்தார். மற்ற இடமெல்லாம் இரும்பும் கல்லும் ஒட்டிக்கொண்டன. அந்த மூலையில் வெளிச்சம் தெரிந்தது. மடியிலிருந்த ஒரு நயா பைசாவை இடுக்கில் தள்ளினார். காசு உள்ளே போய்த் தண்ணீரில் விழுந்தது.

"சொக்கம்மா" என்று மனைவியைக் கூப்பிட்டார். "இந்த மூலைல தண்ணி நிக்குதே. இது எப்பலர்ந்து?"

சொக்கம்மாள் முறத்தோடு வாசற்படியில் வந்து நின்றாள். "நல்லா கேட்டீங்க. நான் இந்த வூட்டுக்கு வந்ததுலர்ந்து அதுல குருவி குளிக்கிது. குருவிக்காவதான் பள்ளமா வுட்டு வச்சிகீறீங்கன்னு நான் நெனச்சிக்கினு கீறேன்."

ஆசாரி அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தார். பள்ளத்துக்குத் தகுந்தபடி மற்ற மூன்று கால்களையும் சீவிச் சீவி, ஒரு காலை மட்டும் நீளமாக விட்டுக்கொண்டே வந்திருக்கிறார். எல்லா நாற்காலியிலும். எல்லா மேசையிலும். கல்யாணக் கட்டில்களிலும்கூட. அந்தக் கட்டில்களைப் பற்றி நினைத்தபோது அவருக்கு வியர்த்தது.

ஒரு சின்ன ரம்பத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு புறப்பட்டார். அப்புறம் நின்றார். சூலம் குத்திய காலில் இரும்பு படக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னது அவர் வாய். தவிர, எவ்வளவு அறுப்பது? வைத்துப் பார்க்க ஊரில் சமமான தரை இப்போது சங்கத்து மேடை ஒன்றே ஒன்றுதான். அதன் நடுவில், ஊர் பார்க்க, மேதை ரம்பம் போட முடியாது. ரம்பத்தை வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் சின்ன உளியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார்.

வீட்டுக் கதவுகள் திறந்திருந்தன. எல்லாரும் விழாவுக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். வழக்கமாகத் தெருவில் அவர் தலை தெரிந்ததும் உள்ளே ஒரு கால் சரக்கென்று எதையோ தட்டிவிடும். பூனை என்று நினைத்திருந்தார். இன்றைக்குத் தட்டிவிட ஆளில்லை. முதல் வீடான ஆண்டாளம்மாள் வீட்டில் அவர் செய்த நாற்காலியில், நீண்ட முன்னங்கால் தூக்கிவிட்டிருந்த இடது பின்னங்காலுக்கடியில் தீப்பெட்டி அட்டை. அடுத்த வீட்டில் அதே காலுக்கடியில் கொட்டாங்கச்சிச் சில்லு. அதற்கடுத்த வீட்டில் பழைய பஞ்சாங்கத்தின் அட்டை, சிவப்பு நூல் சுற்றி, சுத்தமாக. நாயகர் வீட்டுக் கூடத்தில், இரண்டு தடவை பெயர்த்துப் போட்ட தரையில், செப்புத் தகடு. பெரிய இடம் அல்லவா.

வீட்டுக்கு வீடு அஞ்சு கால். அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

சங்கக் கட்டடத்தை அவர் அடைந்தபோது, ஜீப் சத்தம் கேட்டுக் கூட்டம் முழுக்க மாலையும் மேளமுமாக வாசலுக்கு ஓடியிருந்தது. நாயகர் போகிற போக்கில் ஆசாரியைப் பார்த்து, "இன்னா, தரையா?" என்று கேட்டார். ஆசாரி வாயைத் திறந்தார். அதற்குள் மேளம் வந்து நாயகரை அடித்துக்கொண்டு போய்விட்டது.

மேடையில் யாருமில்லை. சிங்கமுக நாற்காலிக்கு யாரோ ஒரு டர்க்கி டவலைப் போர்த்தி அழகு பார்த்திருந்தார்கள். பக்கத்தில் சின்ன மேசை. அதன்மேல் சோடா, கண்ணாடித் தம்ளர். எதுவும் ஆடவில்லை. ஆசாரி ஒரு தடவை சுற்றிலும் பார்த்துவிட்டு, நாற்காலிக்குப் பின்னால் மண்டியிட்டார். இடுப்பைத் தடவினார். உளி இருந்தது. காகிதம் என்று இருந்தது ஒன்றுதான். அதை எடுத்தார். தச்சுத்தொழில் மேதை என்ற வரி உட்பக்கம் போகும்படி மடித்தார். இன்னொரு மடிப்பு. இன்னொன்று. பின்னங்காலைத் தூக்கி, இடது காலுக்கடியில் சொருகினார். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

டிக் என்றது. முன்னளவு இல்லை, ஆனாலும் இருந்தது.

"ஓய்."

ஆசாரி கண்ணைத் திறந்தார். மேடைக்குக் கீழே, முதல் வரிசை பெஞ்சில், அங்கவஸ்திரத்தை மடியில் போட்டுக்கொண்டு சடகோபன் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் யாராவது தம் மேசையைத் தட்டிவிடப் போகிறார்கள் என்று காவலுக்கு இருந்தவர். முதலிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறார்.

ஆசாரி எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே இடுப்பிலிருந்து உளியை உருவி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு காத்திருந்தார். ஊர் கேட்கச் சொன்ன சொல். கொடுத்துத்தான் ஆகவேண்டும். இனி அஞ்சுகால் வாத்தியார் அதைக் கடைத்தெருவில் ஒரு முறை சொன்னால் போதும்.

வாத்தியார் வாசலைப் பார்த்தார். அதிகாரியின் தலைவழியாக மாலையை நுழைக்க முடியாமல் அங்கே கொஞ்சம் தாமதமாகிக்கொண்டிருந்தது. வாத்தியார் உளியைப் பார்க்கவே இல்லை. நாற்காலிக் காலைத்தான் பார்த்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, கரும்பலகையில் தப்புக் கணக்கைப் பார்க்கிற முகத்தோடு கொஞ்சநேரம் ஆராய்ந்தார்.

"உம்ம நாற்காலிக்கு மூணு மடிப்பு போறாது" என்றார் தாழ்ந்த குரலில். "எங்காத்துலயும் ஒண்ணு இருக்கே. கல்யாணம் ஆனதுலேர்ந்து வச்சுண்டிருக்கேன். நாலு."

மேளம் கட்டடத்துக்குள் நுழைந்தது.

ஆசாரி காகிதத்தை வெளியே எடுத்தார். நாலாவது மடிப்பை மடித்து, தரையில் வைத்து, கட்டைவிரல் நகத்தால் நீவினார். பிறகு ஏந்தியிருந்த உளியால் அதன் ஓரங்களைக் காலின் சதுரத்துக்குச் சரியாக, ஒரு நூல் வெளியே தெரியாதபடி சீவினார். காலில் இரும்பு படவில்லை. காலைத் தூக்கி, காகிதத்தை உள்ளே தள்ளி, கண்ணை மூடி, நாலு மூலையையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார்.